உரம் வாங்கும் முன் ஒரு கணக்குப் போடுங்கள்

"உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது" என்று நம் பெரியவர்கள் சொல்லி வைத்தார்கள். அறுவடை முடிந்த பிறகு கணக்குப் பார்த்தால் மனம் நோவதுதான் மிச்சம். நடவுக்கு முன்பே பார்த்தால் இரண்டு மூட்டை உரத்தின் விலையாவது கையில் நிற்கும். அந்தக் கணக்கை எப்படிப் போடுவது என்பதே இவ்வாரப் பாடம்.

பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பில் 'ஒருபடிச் சமன்பாடு' என்று ஒரு பாடம் உண்டு. இப்போதைய புத்தகங்களில் 'நேரியல் சமன்பாடு' என்று இருக்கும். படித்தவர்களில் பலர் பரீட்சையோடு அதை மறந்துவிட்டார்கள். படிக்காதவர்களோ பெயர் தெரியாமலே அன்றாடம் அதைப் பயன்படுத்துகிறார்கள். பேனாவும் தாளும் இருந்தால் போதும். பெருக்கலும் வகுத்தலும் தெரிந்த வீட்டுப் பிள்ளை ஒன்று பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

சமன்பாடு என்றால் என்ன?

தராசின் ஒரு தட்டில் உள்ளதும் மறு தட்டில் உள்ளதும் சமமாக நின்றால், அதை எழுத்தில் சொல்வதே சமன்பாடு. தெரியாத அளவுக்கு ஒரு பெயர் வைத்து, தெரிந்த அளவுகளைக் கொண்டு அதைக் கண்டுபிடிக்கிறோம்.

டிராக்டர் வாடகையை எடுத்துக்கொள்வோம். உங்கள் நிலத்துக்கு வண்டி வந்து போக 300 ரூபாய், உழவுக்கு மணிக்கு 1,000 ரூபாய் என்று பேச்சு என வைத்துக்கொள்வோம். அப்போது,

மொத்தக் கூலி = 300 + (1,000 × மணி)

இரண்டு மணி நேரம் ஓட்டினால் 2,300 ரூபாய். டிரைவர் 2,800 கேட்டால் எத்தனை மணி நேரம் ஓடியிருக்க வேண்டும்? முதலில் 300-ஐக் கழியுங்கள், 2,500 வரும். அதை 1,000-ஆல் வகுத்தால் இரண்டரை மணி. இரண்டே மணி நேரம்தான் ஓடியது என்றால் 500 ரூபாய் கூடுதலாகக் கேட்கிறார் என்று அங்கேயே தெரிந்துவிடும்.

மாறாத தொகை ஒன்று, அளவுக்குத் தகுந்தபடி ஏறும் தொகை ஒன்று. இந்த இரண்டும் சேர்ந்ததே நேரியல் சமன்பாடு. கட்டம் போட்ட தாளில் வரைந்தால் நேர்க்கோடாக வரும் என்பதால் அந்தப் பெயர். இதே முறையில் உர மூட்டைக்கு வருவோம்.

மூட்டையில் என்ன இருக்கிறது?

நம் ஊர் உரக் கதை பெரும்பாலும் வடசென்னையைச் சுற்றியது. எண்ணூர், திருவொற்றியூர், மணலி என்று துறைமுகமும் ஆலைகளும் நெருங்கி நிற்கும் அந்தப் பட்டையில்தான் மணலியின் சென்னை உரத் தொழிற்சாலை, அதாவது மெட்ராஸ் பெர்டிலைசர்ஸ் நிறுவனம், இருக்கிறது. 1966 டிசம்பரில் மத்திய அரசும் அமெரிக்காவின் அமோகோ நிறுவனமும் கூட்டாகத் தொடங்கிய நிறுவனம் இது. 1971-ல் உற்பத்தி ஆரம்பித்தது. 'விஜய்' யூரியாவும் 'விஜய் 17:17:17' காம்ப்ளெக்ஸும் தமிழ்நாட்டு வயல்களுக்குப் பழக்கமானது இந்த ஆலையால்தான். காற்றில் உள்ள நைட்ரஜனையும், எரிபொருளிலிருந்து பிரித்த ஹைட்ரஜனையும் சேர்த்து அம்மோனியா ஆக்கி, அதிலிருந்து யூரியா செய்கிறார்கள். நெடுங்காலம் நாப்தாவைக் கொண்டு நடந்த ஆலை, 2019 முதல் இயற்கை எரிவாயுவுக்கு மாறியது. எண்ணூர் காமராஜர் துறைமுகத்தில் திரவ எரிவாயு இறங்கு முனையம் வந்ததும் அதே ஆண்டில்தான்.

எண்ணூரில் கோரமண்டல் நிறுவனத்தின் ஆலை இருக்கிறது. அங்கே அம்மோனியாவோடு கந்தகமும் மணிச்சத்தும் சேர்ந்த 20:20:0:13 போன்ற உரங்கள் தயாராகின்றன. பொட்டாஷ் நம் நாட்டு மண்ணில் வெட்டி எடுக்கப்படுவதில்லை, கப்பலில்தான் வருகிறது.

மூட்டையின் மேல் அச்சிட்டிருக்கும் எண்களை எப்படிப் படிப்பது? 17:17:17 என்றால் 100 கிலோ உரத்தில் தழைச்சத்து 17 கிலோ, மணிச்சத்து 17 கிலோ, சாம்பல்சத்து 17 கிலோ. எந்தக் கம்பெனி மூட்டையானாலும் கணக்கு ஒன்றே. மற்றவை வருமாறு:

யூரியா: தழைச்சத்து 46.
டி.ஏ.பி.: தழைச்சத்து 18, மணிச்சத்து 46.
பொட்டாஷ் (மியூரியேட் ஆப் பொட்டாஷ்): சாம்பல்சத்து 60.
20:20:0:13: தழைச்சத்து 20, மணிச்சத்து 20, சாம்பல்சத்து இல்லை, கந்தகம் 13.

எல்லாம் 100 கிலோவுக்கு உள்ள கணக்கு. இதைத் தாளில் எழுதிக் களத்து மேட்டுச் சுவரில் ஒட்டி வையுங்கள்.

பயிருக்கு எவ்வளவு வேண்டும்?

பொன்னேரி, மீஞ்சூர், சோழவரம் பக்கத்தில் நவரையிலும் சொர்ணவாரியிலும் குறுகிய கால நெல் போடுகிறோம். காவிரிப் பாசனப் பகுதி, கோவைப் பகுதி நீங்கலான மற்ற இடங்களில் இவ்வகை நெல்லுக்குத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் பொதுப் பரிந்துரை எக்டேருக்கு 120:40:40. அதாவது தழைச்சத்து 120 கிலோ, மணிச்சத்து 40, சாம்பல்சத்து 40. எக்டேர் என்பது ஏறத்தாழ இரண்டரை ஏக்கர். இரண்டரையால் வகுத்தால் ஏக்கருக்கு 48:16:16.

மண் பரிசோதனை செய்திருந்தால் அந்த அட்டையில் உள்ள அளவே உங்கள் வயலுக்கு உரிய அளவு. அட்டை இல்லாதவர்களுக்கு மட்டுமே இந்தப் பொதுப் பரிந்துரை.

காம்ப்ளெக்ஸும் யூரியாவும்

காம்ப்ளெக்ஸ் எத்தனை கிலோ என்பதைக் 'கா' என்றும், யூரியா எத்தனை கிலோ என்பதை 'யூ' என்றும் எழுதுவோம். இரண்டும் இப்போது நமக்குத் தெரியாதவை.

மணிச்சத்து யூரியாவில் இல்லை. ஆகவே 16 கிலோவும் காம்ப்ளெக்ஸிலிருந்தே வர வேண்டும்.

கா × 17 ÷ 100 = 16

இதிலிருந்து கா = 1,600 ÷ 17 = 94 கிலோ. 50 கிலோ மூட்டையில் 2 மூட்டை என்று வைத்துக்கொள்ளலாம். 2 மூட்டைக்கு, அதாவது 100 கிலோவுக்கு, ஒவ்வொரு சத்தும் 17 கிலோ கிடைக்கும். மணிச்சத்தும் சாம்பல்சத்தும் முடிந்தன. தழைச்சத்து 48 வேண்டும், 17 வந்துவிட்டது, மீதி 31.

யூ × 46 ÷ 100 = 31

யூ = 3,100 ÷ 46 = 67 கிலோ சொச்சம். யூரியா மூட்டை இப்போது 45 கிலோ. ஆகவே ஒன்றரை மூட்டை. ஏக்கருக்கு 2 மூட்டை காம்ப்ளெக்ஸ், ஒன்றரை மூட்டை யூரியா என்பதே விடை.

சரிபார்ப்பது சுலபம். 100 கிலோ காம்ப்ளெக்ஸில் தழைச்சத்து 17, அறுபத்தேழரை கிலோ யூரியாவில் 31, கூட்டினால் 48. தட்டு இரண்டும் சமம்.

இடுவதும் எளிதாகிவிடும். காம்ப்ளெக்ஸ் இரண்டு மூட்டையையும் அடியுரமாக இடுங்கள். யூரியா ஒன்றரை மூட்டையைத் தூர் கட்டும் பருவம், குருத்துக்குள் கதிர் உருவாகும் பருவம், பூக்கும் பருவம் என மூன்று முறையாக, முறைக்கு அரை மூட்டை வீதம் இடுங்கள்.

கணக்குப் போடாவிட்டால் என்ன ஆகும்?

பழக்கத்தில் பலரும் ஏக்கருக்கு 3 மூட்டை காம்ப்ளெக்ஸ், 1 மூட்டை யூரியா வாங்குவதைப் பார்க்கிறோம். அதில் கிடைக்கும் சத்து எவ்வளவு? காம்ப்ளெக்ஸ் 150 கிலோவில் மூன்று சத்தும் தலா இருபத்தைந்தரை கிலோ. யூரியா 45 கிலோவில் தழைச்சத்து 20 கிலோ 700 கிராம். ஆக, தழைச்சத்து 46 கிலோ. மணிச்சத்தும் சாம்பல்சத்தும் இருபத்தைந்தரை கிலோ.

தழைச்சத்து 2 கிலோ குறைகிறது. மற்ற இரண்டும் தலா 9 கிலோவுக்கு மேல் கூடிப் போகின்றன. செலவு ஏறியும் பயிர் சற்று வெளுத்தே நிற்கும். உடனே "காம்ப்ளெக்ஸ் போதவில்லை போலிருக்கிறது" என்று அடுத்த போகத்துக்கு நான்காவது மூட்டை வாங்குகிறோம்.

தழைச்சத்து முழுவதையும் காம்ப்ளெக்ஸிலிருந்தே எடுக்க நினைத்தால் 4,800 ÷ 17 = 282 கிலோ, ஏறக்குறைய 6 மூட்டை வேண்டும். மணிச்சத்தும் சாம்பல்சத்தும் தேவையைப் போல மூன்று மடங்கு வயலில் விழும். விலை உயர்ந்த சத்துகளைக் காசு கொடுத்து வாங்கி மண்ணில் கொட்டுகிறோம் என்று பொருள்.

கணக்குப் போட்டுவிட்டுக் கடைக்குப் போனால் பேச்சு இப்படித்தான் இருக்கும்.

"அண்ணே, ரெண்டு மூட்டை காம்ப்ளெக்ஸ், ஒன்றரை மூட்டை யூரியா போடுங்க."

"என்னப்பா, போன போகத்துக்கு மூணு மூட்டை காம்ப்ளெக்ஸ் வாங்கினியே. குறைச்சா பயிர் எடுக்குமா?"

"மணிச்சத்து பதினாறு கிலோதாண்ணே வேணும். ரெண்டு மூட்டையிலேயே பதினேழு வந்துடுது. யூரியா அரை மூட்டை கூடப் போட்டா தழைச்சத்தும் சரியாயிடும்."

அரை மூட்டையாகத் தரமாட்டேன் என்று கடைக்காரர் சொன்னால், பக்கத்து வயல்காரரோடு சேர்ந்து இரண்டு ஏக்கருக்கு 4 மூட்டை காம்ப்ளெக்ஸ், 3 மூட்டை யூரியா என வாங்குங்கள்.

மூட்டை மாறியதைக் கவனித்தீர்களா?

2018 மார்ச்சிலிருந்து யூரியா மூட்டை 50 கிலோவிலிருந்து 45 கிலோவாகக் குறைந்தது. "ஏக்கருக்கு மூணு மூட்டை யூரியா" என்று பழைய நினைவில் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பழைய மூட்டையில் தழைச்சத்து 23 கிலோ. புது மூட்டையில் 20 கிலோ 700 கிராம். மூன்று மூட்டைக்கு ஏறக்குறைய 7 கிலோ தழைச்சத்து குறைந்துவிடும்.

கந்தகம் பூசிய 'யூரியா கோல்டு' என்ற உரம் 2023-ல் அறிமுகமானது. அதன் மூட்டை 40 கிலோ. தழைச்சத்து நூற்றுக்கு 37, கந்தகம் 17. 45 கிலோ வேப்பெண்ணெய் பூசிய யூரியா மூட்டைக்கு வரி உட்பட 266 ரூபாய் 50 காசு என்ற விலையையே இதற்கும் அரசு நிர்ணயித்தது. விலை ஒன்றானாலும் உள்ளே இருப்பது ஒன்றல்ல. சாதா மூட்டையில் தழைச்சத்து 20 கிலோ 700 கிராம். இதில் 14 கிலோ 800 கிராம். கூடவே கந்தகம் 6 கிலோ 800 கிராம் வருகிறது. தழைச்சத்தும் மெதுவாகக் கரைகிறது. கந்தகக் குறைவுள்ள மண்ணுக்கு இது நல்லது. ஆனால் மூட்டைக்கு மூட்டை மாற்றிப் போட்டால் கணக்குத் தவறிவிடும். ஆகவே எப்போதும் மூட்டையைக் கிலோவாக்கிக் கணக்கைத் தொடங்குங்கள்.

டி.ஏ.பி. வழி மலிவா, காம்ப்ளெக்ஸ் வழி மலிவா?

அதே 48:16:16-ஐ வேறு உரங்களாலும் கொடுக்கலாம். மணிச்சத்துக்கு டி.ஏ.பி. என்றால் 1,600 ÷ 46 = 35 கிலோ. அதில் தழைச்சத்து 6 கிலோ சொச்சம் சேர்ந்தே வருகிறது. மீதி சுமார் 42 கிலோவுக்கு யூரியா 2 மூட்டை, அதாவது 90 கிலோ. சாம்பல்சத்துக்குப் பொட்டாஷ் 1,600 ÷ 60 = 27 கிலோ.

எது மலிவு என்பதை விலைதான் சொல்ல வேண்டும். மூட்டை மேல் அச்சிட்ட விலையைப் பார்த்து நீங்களே போட வேண்டிய கணக்கு இது. உதாரணத்துக்கு டி.ஏ.பி. மூட்டை 1,350 ரூபாய், பொட்டாஷ் மூட்டை 1,600, யூரியா 266.50, காம்ப்ளெக்ஸ் 1,200 என்று வைத்துக்கொள்வோம்.

முதல் வழி: காம்ப்ளெக்ஸ் 2 மூட்டை 2,400, யூரியா ஒன்றரை மூட்டை 400, ஆக 2,800 ரூபாய்.

இரண்டாம் வழி: டி.ஏ.பி. 35 கிலோ 945. பொட்டாஷ் 27 கிலோ 864. யூரியா 2 மூட்டை 533. ஆக 2,342 ரூபாய்.

ஏக்கருக்கு 458 ரூபாய் மிச்சம். காம்ப்ளெக்ஸ் விலை எவ்வளவாக இருந்தால் இரண்டும் சமமாகும்? இங்கேதான் சமன்பாடு கை கொடுக்கிறது. காம்ப்ளெக்ஸ் மூட்டை விலையை 'வி' என்று வைத்தால்,

(2 × வி) + 400 = 2,342

2 × வி = 1,942; வி = 971 ரூபாய். மற்ற விலைகள் மாறாதவரை, காம்ப்ளெக்ஸ் 971-க்குக் கீழே கிடைத்தால் காம்ப்ளெக்ஸ் லாபம். மேலே போனால் டி.ஏ.பி., யூரியா, பொட்டாஷ் தனித்தனியாக வாங்குவது லாபம்.

35 கிலோ, 27 கிலோ என்று எந்தக் கடையில் நிறுத்துத் தருவார்கள் என்று கேட்பீர்கள். நான்கு ஏக்கர் சேர்ந்தால் அந்தத் தொல்லை தீர்ந்துவிடும். டி.ஏ.பி. 3 மூட்டை, பொட்டாஷ் 2 மூட்டை, யூரியா 8 மூட்டை. இதில் தழைச்சத்து 192 கிலோ, மணிச்சத்து 69, சாம்பல்சத்து 60. நான்கு ஏக்கருக்கு வேண்டியது 192:64:64. மூட்டையைப் பிரிக்காமலே ஏறக்குறைய சரியாக வந்துவிட்டது. மேலே சொன்ன விலையில் இதற்கு 9,382 ரூபாய். காம்ப்ளெக்ஸ் வழியில் 11,199 ரூபாய். ஏக்கர் ஏக்கராக நிலம் உள்ள நான்கு பேர் கூடினால் 1,817 ரூபாய் மிஞ்சும்.

இன்னொரு வசதியும் உண்டு. தழைச்சத்தைப் போலவே சாம்பல்சத்தையும் பிரித்து இடச் சொல்கிறது பல்கலைக்கழகம். தனிப் பொட்டாஷாக வாங்கினால் அப்படிப் பிரித்து இட முடியும். காம்ப்ளெக்ஸில் எல்லாம் அடியுரத்தோடு போய்விடும். ஆனால் டி.ஏ.பி. தட்டுப்பாடு உள்ள காலத்தில் அதற்காகக் காத்திருந்து பருவத்தை விட்டுவிடக் கூடாது.

20:20:0:13 கிடைத்தால் மணிச்சத்துக்கு 80 கிலோ போதும். தழைச்சத்து 16, கந்தகம் 10 கிலோ சொச்சம் கூடவே வரும். அதன்மேல் யூரியா 70 கிலோவும் பொட்டாஷ் 27 கிலோவும் சேர்த்தால் கணக்கு முடிந்தது.

சந்தை வண்டிக்கும் இதே கணக்கு

ஒரு காலத்தில் நம் பக்கத்துக் காய்கறி எல்லாம் வடசென்னைக் கொத்தவால் சாவடிக்குப் போயிற்று. 1996-ல் மொத்தச் சந்தை கோயம்பேட்டுக்கு மாறியது. தூரம் மாறினாலும் வண்டி வாடகைக் கவலை மாறவில்லை.

கூட்டு வண்டியில் ஏற்றுக்கூலி உட்பட மூட்டைக்கு 40 ரூபாய், தனி வண்டி பிடித்தால் வாடகை 1,200-ம் ஏற்றி இறக்க மூட்டைக்கு 10 ரூபாயும் என்று வைத்துக்கொள்வோம். மூட்டை எண்ணிக்கையை 'மூ' என்றால் இரண்டும் சமமாவது,

40 × மூ = 1,200 + (10 × மூ)

இரு பக்கமும் 10 × மூ-வைக் கழித்தால் 30 × மூ = 1,200; மூ = 40. கத்தரிக்காய் 40 மூட்டைக்குக் குறைவாக இருந்தால் கூட்டு வண்டி. அதிகமானால் தனி வண்டி. 25 மூட்டைக்குக் கூட்டு வண்டியில் 1,000 ரூபாய், தனி வண்டியில் 1,450. 60 மூட்டைக்குக் கூட்டு வண்டியில் 2,400, தனி வண்டியில் 1,800. ஆளுக்கு 20 மூட்டை உள்ள மூன்று பேர் சேர்ந்து ஒரு வண்டி பிடித்தால் 600 ரூபாய் மிச்சம். இது வெறும் கணக்கு மட்டுமல்ல, ஊரில் நாலு பேர் பேசி வைத்துக்கொள்ள வேண்டிய காரியம்.

விஞ்ஞானிகளும் இப்படித்தான் போடுகிறார்கள்

இந்திய வேளாண் விஞ்ஞானி பி. ராமமூர்த்தியும் அவருடன் வேலை செய்தவர்களும் 1967-ல் வெளியிட்ட முறை ஒன்று உண்டு. 'விளைச்சல் இலக்கு' முறை என்று அதைச் சொல்லலாம். இத்தனை குவிண்டால் விளைய வேண்டும் என்று இலக்கு வைத்து, அதற்குப் பயிர் எடுக்கும் சத்தைக் கணக்கிட்டு, மண்ணே தரும் பங்கையும் தொழு உரம் தரும் பங்கையும் கழித்தால், மீதியே வாங்கி இட வேண்டிய உரம். அதுவும் கூட்டலும் கழித்தலும் உள்ள நேரியல் சமன்பாடுதான். நாடெங்கும் வெவ்வேறு மண்ணுக்கும் பயிருக்கும் சோதனை செய்து, அந்தச் சமன்பாட்டில் வரும் எண்களைக் கண்டார்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகமும் அந்த ஆராய்ச்சியில் ஒரு மையம். அதனால்தான் மண் பரிசோதனை முக்கியம். சமன்பாட்டின் வலப் பக்கத்தில் எழுதும் எண் மண்ணைப் பார்த்து வர வேண்டும்.

உதாரணமாக, உங்கள் மண்ணில் மணிச்சத்து நிறைவாக இருப்பதால் 16-க்குப் பதில் 12 கிலோ போதும் என்று அட்டை சொல்வதாகக் கொள்வோம். காம்ப்ளெக்ஸ் 1,200 ÷ 17 = 71 கிலோவாகக் குறையும். அதில் சாம்பல்சத்து 12 தான் வரும். குறையும் 4 கிலோவுக்குப் பொட்டாஷ் 7 கிலோ. தழைச்சத்து மீதி 36-க்கு யூரியா 78 கிலோ. ஒரு எண் மாறினால் மற்றவையும் சேர்ந்து மாறுவதைப் பாருங்கள்.

மண்வள அட்டைத் திட்டம் 2015-ல் தொடங்கியது. திருவள்ளூர் மாவட்டத்தில் திரூரில் பல்கலைக்கழகத்தின் நெல் ஆராய்ச்சி நிலையமும் வேளாண் அறிவியல் நிலையமும் உள்ளன. மண் மாதிரி எடுக்கும் முறையை அங்கேயோ வட்டார வேளாண் அலுவலகத்திலோ கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

நேர்க்கோடு எங்கே முடிகிறது?

ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். மூட்டைக்கும் சத்துக்கும் உள்ள உறவு நேர்க்கோடு. இரண்டு மூட்டையில் உள்ள சத்து ஒரு மூட்டையைப் போல் சரியாக இரண்டு மடங்கு. ஆனால் உரத்துக்கும் விளைச்சலுக்கும் உள்ள உறவு அப்படி அல்ல. முதல் மூட்டை தரும் பலனை மூன்றாவது மூட்டை தராது. நான்காவது மூட்டையில் பயிர் சாய்வதும் பூச்சி ஏறுவதும்தான் நடக்கும். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பது யூரியாவுக்கு நன்றாகப் பொருந்தும். எந்தச் சத்து குறைவோ அதுவே விளைச்சலைக் கட்டிப் போடும் என்று ஜெர்மனியின் லீபிக் என்ற ரசாயன மேதை 19-ஆம் நூற்றாண்டிலேயே பரப்பினார். ஒரு சத்து குறைந்திருக்க, மற்றதைக் கூட்டிப் பயன் இல்லை.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. நாம் வீணாக்கும் உரத்துக்குப் பின்னால் வேறு மனிதர்களும் இருக்கிறார்கள். 2023 டிசம்பர் 26-ஆம் தேதி இரவு எண்ணூரில் உர ஆலைக்கு அம்மோனியா கொண்டு வரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. பெரியகுப்பம், சின்னக்குப்பம் மீனவக் குடும்பங்கள் கண் எரிச்சலும் மூச்சுத் திணறலுமாக நள்ளிரவில் வீட்டை விட்டு ஓடின. பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். உரம் நமக்கு வேண்டும், ஆலையும் வேண்டும். ஆனால் அத்தனை ஆபத்தைத் தாண்டி வரும் உரத்தில் ஒரு கிலோவும் வாய்க்காலோடு போகக் கூடாது என்ற எண்ணமும் நமக்கு வேண்டும்.

நீங்களே போட்டுப் பாருங்கள்

மத்திய கால நெல்லுக்குப் பரிந்துரை எக்டேருக்கு 150:50:50. ஏக்கருக்கு 60:20:20. 17:17:17 காம்ப்ளெக்ஸும் யூரியாவும் கொண்டு இதைக் கொடுக்க, ஒவ்வொன்றும் எத்தனை கிலோ வேண்டும்? வீட்டில் படிக்கும் பிள்ளையிடம் கொடுத்துப் போடச் சொல்லுங்கள். பள்ளிக்கூடத்துக் கணக்கு நம் வயலுக்கு உதவுகிறது என்று தெரிந்தால் பிள்ளைக்கும் படிப்பில் ஆர்வம் வரும்.

விடை: காம்ப்ளெக்ஸ் 118 கிலோ, யூரியா 87 கிலோ. அதாவது யூரியா 2 மூட்டைக்கு 3 கிலோ குறைவு.

அடுத்த முறை உரக் கடைக்குப் புறப்படும்போது பையோடு ஒரு துண்டுத் தாளையும் எடுத்துச் செல்லுங்கள். பயிருக்கு வேண்டிய மூன்று எண்கள், மூட்டையில் உள்ள மூன்று எண்கள், மூட்டையின் எடை, விலை ஆகியவற்றை அதில் எழுதிக்கொண்டு, கணக்குப் போட்ட பிறகு பணத்தை எடுங்கள்.